இன்சுலின் ஊசியும் கரைந்துபோகும் கொழுப்பும்

இன்சுலின் கொழுப்பைக் காக்கும் ஹார்மோன். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கொழுப்பு செல்லுக்குள் அனுமதிப்பது அதுதான். அங்கே சேர்ந்த கொழுப்பு உடைந்து வெளியேறிவிடாமல் தடுப்பதும் அதுதான். டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தை, நோய் இன்னதென்று தெரிவதற்கு முந்தைய வாரங்களில் எலும்பும் தோலுமாக இளைத்துப்போவதற்கு இந்தக் காவல் இல்லாமல் போனது முக்கியமான காரணம். இன்சுலின் ஊசி தொடங்கியதும் கன்னம் தெளிகிறது, கைகால் தேறுகிறது, சில வாரங்களில் பிள்ளை பழைய உருவத்துக்கு வந்துவிடுகிறது.

உடம்பெங்கும் கொழுப்பைத் தேற்றுகிற இந்த மருந்து, சில குழந்தைகளுக்கு ஊசி இறங்கிய இடத்தில் மட்டும் கொழுப்பைக் கரைத்துப் பள்ளம் விழச் செய்கிறது. நூறு ஆண்டுகளாக மருத்துவர்களை உறுத்திவரும் முரண் இது. இதற்கான விடையைத் தேடியவர்கள் இன்சுலின் தயாரிப்பின் வரலாற்றையே ஓரளவு மாற்றியிருக்கிறார்கள்.

இந்தப் பள்ளத்தை மருத்துவர்கள் லிப்போஅட்ரஃபி என்கிறார்கள். தொடையிலோ மேற்கையிலோ வயிற்றிலோ, பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தது போன்ற குழி. பார்த்த பெற்றோர் பலரும் தோல் செத்துவிட்டது என்றே பயப்படுகிறார்கள். ஆனால் தோல் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நிறம் மாறாது, புண்ணாகாது. தோலுக்கும் தசைக்கும் நடுவே மெத்தையாக இருக்க வேண்டிய கொழுப்புத் திசுதான் காணாமல் போயிருக்கும். தாங்க ஒன்றும் இல்லாததால் தோல் உள்வாங்கித் தசையின்மேல் படிந்துவிடுகிறது. வலியோ அரிப்போ பெரும்பாலும் இருப்பதில்லை. அதனால் குழந்தை தானாக வந்து சொல்வதில்லை. ஊசி தொடங்கிய ஆறு மாதத்துக்கும் இரண்டு ஆண்டுக்கும் இடையில், குளிப்பாட்டும்போதோ உடை மாற்றும்போதோ யாராவது கவனித்தால்தான் உண்டு.

இன்சுலினுக்கும் ஊசி போட்ட இடத்துக்கும் உள்ள சிக்கல், இன்சுலின் சிகிச்சை தொடங்கிய முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1922 ஜனவரி 11 அன்று, கனடாவின் டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்குக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. ஃபிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் தயாரித்த சாறு அது. சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி வந்துவிட்டது. கிருமியால் வந்த கட்டி இல்லை. சாற்றில் இன்சுலினோடு கலந்திருந்த மற்ற புரதங்களின் வேலை. சிகிச்சையை நிறுத்தினார்கள். அடுத்த பன்னிரண்டு நாளில் ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலாளர் சாராயத்தின் செறிவைப் படிப்படியாகக் கூட்டி, தேவையற்ற புரதங்களைப் பிரித்துத் தள்ளும் வழியைக் கண்டுபிடித்தார். ஜனவரி 23 அன்று போட்ட ஊசிதான் சிறுவனைப் பிழைக்கவைத்தது. நோபல் பரிசு பான்டிங்குக்கும் அவர்களுடைய ஆய்வகத் தலைவர் மெக்லியோடுக்கும் போயிற்று. ஆனால் கணையச் சாற்றை மருந்தாக மாற்றியது காலிப்பின் அந்தப் பன்னிரண்டு நாள் உழைப்பு என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

காலிப் செய்த சுத்திகரிப்பு உயிரைக் காக்கப் போதுமானதாக இருந்தது. கொழுப்பைக் காக்கப் போதவில்லை. நான்கே ஆண்டுகளில், 1926இல், அட்லான்டிக்கின் இரு கரைகளிலிருந்தும் மருத்துவ இதழ்களில் ஒரே செய்தி வந்தது. ஐரோப்பாவில் டெபிஷ், அமெரிக்காவில் பார்போர்கா என்று இரு மருத்துவர்கள், நெடுநாள் இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுக்கு ஊசி இடங்களில் கொழுப்பு அழிவதை எழுதினார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக்குச் சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் அது அன்றாடக் காட்சியாகிவிட்டது. பழைய கணக்குகளைப் பார்த்தால், ஒவ்வொரு மருத்துவமனையையும் பொறுத்து, இன்சுலின் போட்டவர்களில் 10 முதல் 55 சதவீதம் பேருக்கு இந்தப் பள்ளங்கள் இருந்திருக்கின்றன. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் குழந்தைகளும் இளம்பெண்களும்.

இந்த எண்ணுக்குப் பின்னால் இருந்த துயரத்தை லேசாகக் கடந்துபோகக் கூடாது. நோயோடு வாழ்நாள் முழுக்க ஊசி என்பதை எப்படியோ ஏற்றுக்கொண்ட ஒரு சிறுமிக்கு, வளரும் வயதில் தொடையும் கையும் குழிகுழியாக மாறுகின்றன. உயிர் பிழைத்ததே பெரிது, அழகைப் பற்றி என்ன பேச்சு என்று பெரியவர்கள் சொல்லலாம். அது குழந்தையிடம் எடுபடாது, எடுபட வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளம் விழுந்த இடத்தைக் காட்ட வெட்கப்பட்டுத்தான் பிள்ளைகள் கை மறையும் சட்டைக்கு மாறுகிறார்கள், நீச்சலை விடுகிறார்கள், சில நேரம் ஊசியையே தவிர்க்கிறார்கள். டைப் 1 நோயில் ஊசியைத் தவிர்ப்பது உயிருக்கு ஆபத்து.

காரணத்தைத் தேடிய பயணத்தில் ஒரு முக்கியமான நிறுத்தம் நியூயார்க். 1956இல் சாலமன் பெர்சனும் ரோசலின் யாலோவும் கதிரியக்க அயோடின் ஏற்றிய இன்சுலினை நோயாளிகளுக்குச் செலுத்தி, அது ரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்த்தார்கள். முன்பே இன்சுலின் போட்டுப் பழகியவர்களின் உடம்பில் அது நெடுநேரம் தங்கியது. ஏனென்றால் அவர்களுடைய ரத்தத்தில் இன்சுலினைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள்கள் உருவாகியிருந்தன. இவ்வளவு சிறிய புரதத்துக்கு எதிர்ப்பொருள் உருவாகாது என்று அறிவியல் உலகம் நம்பியிருந்த காலம் அது. இந்த ஆய்விலிருந்துதான் ஹார்மோன்களை நுட்பமாக அளக்கும் கதிரியக்க எதிர்ப்பொருள் சோதனை பிறந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசும் கிடைத்தது. நமக்கு இங்கே வேண்டியது வேறொரு செய்தி: ஊசியில் வரும் இன்சுலினை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்க்கக்கூடும்.

அந்நியமாகப் பார்க்கக் காரணமும் இருந்தது. அன்றைய இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் வந்தது. மனித இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள். பன்றி இன்சுலின் அதில் ஒரே ஒரு இடத்தில் வேறுபடுகிறது, மாட்டு இன்சுலின் மூன்று இடத்தில். அதைவிடப் பெரிய சிக்கல் கலப்படம். 1967இல் சிகாகோவில் டொனால்ட் ஸ்டெய்னர், இன்சுலின் முதலில் புரோஇன்சுலின் என்ற நீளமான புரதமாக உருவாகி, பிறகே வெட்டப்படுகிறது என்று காட்டினார். சந்தையிலிருந்த மருந்தைச் சோதித்தபோது, சுத்தமானது என்று எண்ணியிருந்த இன்சுலினில் பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் பங்கும் அதற்கு மேலும் புரோஇன்சுலின் இருந்தது. கூடவே குளுக்ககான், சொமடோஸ்டேட்டின் போன்ற கணையத்தின் பிற ஹார்மோன்களும் இருந்தன.

1970களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் நோவோ நிறுவனத்தில் யோர்கன் ஷ்லிக்ட்க்ருல் குழுவினர், பல கட்டமாக வடித்துப் பிரித்து, கலப்படத்தைப் பத்து லட்சத்துக்கு ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அமெரிக்காவில் லில்லி நிறுவனமும் அதே காலத்தில் தன் இன்சுலினைச் சுத்தப்படுத்தியது. இதன் விளைவு அதிசயமானது. புதிதாகப் பள்ளம் விழுவது அரிதாயிற்று, நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்கு. அதோடு நிற்கவில்லை. ஏற்கெனவே விழுந்திருந்த பள்ளத்தின் ஓரத்திலும் உள்ளேயும் இந்தத் தூய இன்சுலினையே தொடர்ந்து போட்டபோது, பல நோயாளிகளுக்குக் கொழுப்பு மீண்டும் வளர்ந்து குழி நிரம்பியது.

முரணுக்கான விடை இதிலேயே இருக்கிறது. இன்சுலின் என்கிற மூலக்கூறு கொழுப்பைக் கரைக்கவில்லை. தூய்மையாகக் கொடுத்தால் அது தன் இயல்பான வேலையைச் செய்து கொழுப்பை வளர்க்கிறது. கரைத்தது, மருந்தையும் அதன் கலப்படத்தையும் அந்நியமாகக் கருதி உடம்பு நடத்திய எதிர்ப்பு. பள்ளம் விழுந்த இடத்திலிருந்து எடுத்த திசுவில் எதிர்ப்பொருள்களும், அவற்றோடு சேர்ந்து இயங்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் படிந்திருந்தது இதை உறுதிப்படுத்தியது. அந்த எதிர்ப்பில் ஈடுபடும் நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன் எனப்படும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவற்றில் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்றவை கொழுப்பு செல்லை அதன் சேமிப்பை இழக்கச் செய்யும், முதிர்ந்த செல்லைப் பின்னோக்கிச் சுருங்கவைக்கும் ஆற்றல் கொண்டவை. உடம்பெங்கும் கொழுப்பு கூடிக்கொண்டிருக்கும்போதே ஊசி இடத்தில் மட்டும் குறைவது இப்படித்தான்.

1978இல் பாக்டீரியாவின் மரபணுவில் மாற்றம் செய்து மனித இன்சுலினையே உற்பத்தி செய்தார்கள். 1982இல் அது மருந்துக்கடைக்கு வந்தது. விலங்கும் இல்லை, கலப்படமும் இல்லை. பள்ளத்தின் கதை முடிந்தது என்றே பாடநூல்கள் எழுதின.

முடியவில்லை. 1996இலிருந்து லிஸ்ப்ரோ, அஸ்பார்ட், கிளார்ஜின் என்று அமினோ அமிலங்களை மாற்றியமைத்த புதிய இன்சுலின்கள் வந்தன, குழாய் வழியே மருந்தைச் செலுத்தும் இன்சுலின் பம்ப் பரவலாயிற்று. பழைய பள்ளங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மீண்டும் தென்பட்டன. ஜெர்மனியில் ஹானோவர் நகரக் குழந்தைகள் மருத்துவமனையின் ஓல்கா கோர்டோனூரி குழுவினர், தங்களிடம் வரும் பிள்ளைகளிடையே இது கூடுகிறதோ என்று கேள்வி எழுப்பி எழுதினார்கள். இன்சுலின் மூலக்கூறுகளை ஆறாறாகக் கோத்து நிலைப்படுத்தப் பல தயாரிப்புகளில் துத்தநாகம் சேர்ப்பார்கள். துத்தநாகம் இல்லாத குளூலிசின் இன்சுலினுக்கு மாற்றினால் பலன் உண்டா என்றும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். குற்றவாளி இன்சுலினா, துத்தநாகமா, மருந்து கெடாமல் இருக்கச் சேர்க்கும் கிரெசாலா, பம்பின் பிளாஸ்டிக் குழாயா என்பது ஒவ்வொரு குழந்தைக்கும் வேறாக இருக்கலாம் என்றே தோன்றுகிறது.

பாஸ்டனிலிருந்து 2008இல் வந்த ஓர் ஆய்வு இன்னொரு கதவைத் திறந்தது. புதிய இன்சுலின்களால் பள்ளம் விழுந்தவர்களின் திசுவில் மாஸ்ட் செல்கள் அதிகமாகக் கூடியிருந்தன, அவை தம் உள்ளடக்கத்தை வெளியே கொட்டிக்கொண்டும் இருந்தன. ஒவ்வாமையில் அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் அதே செல்கள்தாம் இவை. அவற்றை அடக்கும் குரோமோலின் என்ற பழைய ஆஸ்துமா மருந்தை 4 சதவீதக் களிம்பாகத் தடவியபோது புதிய பள்ளங்கள் விழுவது நின்றது, புதிதாக விழுந்திருந்தவை ஓரளவு தேறின. நெடுநாள் பள்ளங்களுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. சில மருத்துவர்கள் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டை இன்சுலினோடு சேர்த்துப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும் என்பதால் அது நிபுணர் கையில் மட்டுமே இருக்க வேண்டிய ஆயுதம். பொதுவாக மருத்துவர்கள் முதலில் செய்வது எளிது: இடத்தை மாற்றுவது, பிறகு இன்சுலின் வகையை மாற்றுவது.

இன்று ஒரு குழந்தையின் தோலில் பள்ளத்தைக் காண்பதைவிட அதற்கு நேர் எதிரானதைக் காண்பதுதான் அதிகம். ஊசி போட்ட இடத்தில் மெத்தென்றோ கெட்டியாகவோ மேடு தட்டுவது. இதற்கு லிப்போஹைபர்ட்ரஃபி என்று பெயர். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் இன்சுலின் போடுபவர்களில் சுமார் 38 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. இங்கே எதிர்ப்பு ஒன்றும் இல்லை. கொழுப்பை வளர்க்கும் ஹார்மோனை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் அந்த இடத்துக் கொழுப்பு வளர்கிறது, அவ்வளவுதான். ஒரே ஊசி முனையைப் பலமுறை பயன்படுத்துவதும் இதைக் கூட்டுகிறது.

நாளுக்கு நான்கு ஊசி என்றால் ஆண்டுக்கு 1,460 ஊசி. ஒரு நாலு வயதுக் குழந்தையின் உடம்பில் அத்தனைக்கும் இடம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால், பெற்றோரைக் குறை சொல்ல நா எழாது. குழந்தையே அந்த மேட்டில்தான் போடச் சொல்லும். அங்கே உணர்ச்சி மங்கியிருப்பதால் வலி குறைவு. அழாமல் காட்டுகிறதே என்று அம்மாவும் அங்கேயே போடுவார். மேடு இன்னும் வளரும்.

ஆபத்து எங்கே என்றால், மேட்டில் போட்ட இன்சுலின் ஒழுங்காக ரத்தத்தில் சேர்வதில்லை. நல்ல தோலிலும் மேட்டிலும் ஒரே அளவு மருந்தைப் போட்டு ஒப்பிட்ட ஒரு ஆய்வில், மேட்டில் போட்டபோது மருந்தின் செயல் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. நாளுக்கு நாள் அது மாறுவதும் அதிகம். ஒரு நாள் சர்க்கரை 300ஐத் தாண்டும், மறுநாள் அதே சாப்பாடு, அதே யூனிட், சர்க்கரை தாழ்ந்து குழந்தை மயங்கும். ஸ்பெயினில் 430 பேரைச் சோதித்த ஆய்வொன்றில், மேடு உள்ளவர்களில் 39 சதவீதம் பேருக்குக் காரணம் புரியாமல் சர்க்கரை தாழ்ந்திருந்தது. மேடு இல்லாதவர்களில் அது 6 சதவீதம்தான். மேடு உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 15 யூனிட் கூடுதலாகவும் போட்டுக்கொண்டிருந்தார்கள். சர்க்கரை ஏறி இறங்குகிறது என்று வீட்டில் குழந்தையைச் சந்தேகிக்கிறார்கள்: ஒளித்து மிட்டாய் தின்றாயா, ஊசியைத் தவறவிட்டாயா? எத்தனையோ பிள்ளைகள் செய்யாத குற்றத்துக்கு ஏச்சு வாங்குகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது ஊசி போடும் இடத்தை. பள்ளமான இடத்திலும் மருந்து ஏறுவது சீராக இருக்காது என்பதால் அங்கும் போடக் கூடாது என்பதே பொதுவான அறிவுரை.

கண்டுபிடிப்பது கடினமில்லை. பள்ளத்தைக் கண்ணால் பார்க்கலாம். குழந்தையை நிற்கவைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்தால் சின்னக் குழியும் நிழலாகத் தெரியும். மேடு கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. கையைச் சூடாக்கிக்கொண்டு, விரல் நுனியால் மெல்ல அழுத்தித் தடவிப் பார்க்க வேண்டும். நல்ல தோலை இரு விரலால் மெல்லிசாகக் கிள்ளி எடுக்க முடியும், மேட்டை அப்படி எடுக்க முடியாது.

தோலின் கனம் வயது பார்ப்பதில்லை. குழந்தைக்கும் பெரியவருக்கும் அது சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஆகவே 4 மில்லிமீட்டர் ஊசி எல்லோருக்கும் போதும். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தோலை லேசாக மடித்துப் பிடித்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் தசைக்குள் போய்விடும். வயிற்றைத் தொப்புளைச் சுற்றி நாலு பாகமாகவும், தொடையை இரண்டு பாகமாகவும் மனத்தில் பிரித்துக்கொண்டு, வாரம் ஒரு பாகம் என்று சுற்றி வரலாம். ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் ஒரு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது ஒன்றை மறக்கக் கூடாது: அதுவரை ஓரளவு வீணான மருந்து இப்போது முழுதாக வேலை செய்யும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை திடீரெனத் தாழும். எத்தனை யூனிட் குறைப்பது என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் இடம் மாற்ற வேண்டும், மாற்றிய நாட்களில் அடிக்கடி சர்க்கரையைப் பார்க்கவும் வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட், இன்சுலின் பேனாவில் வருவது 100 யூனிட். யு-40 குப்பிக்கு யு-40 சிரிஞ்சும், யு-100க்கு அதற்குரியதும்தான் பயன்படுத்த வேண்டும். மாறிப்போனால் இடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளவு தப்பிவிடும். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டவை. செலவுக்குப் பயந்து ஒரே ஊசியை நாள்கணக்கில் பயன்படுத்தும் வீடுகள் நம்மிடம் ஏராளம். இன்சுலினை இலவசமாகக் கொடுக்கும் அரசு, ஊசியையும் போதுமான எண்ணிக்கையில் கொடுத்தால்தான் அந்த இலவசம் முழுமையாகும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்சுலின் போட்டுக்கொள்கிறது என்றால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது சர்க்கரைக் குறிப்பேட்டை மட்டும் நீட்டிவிட்டு வராதீர்கள். ஊசி போடும் இடங்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். குழியோ மேடோ இருந்தால் அன்றே சொல்லுங்கள். சீக்கிரம் கண்டால் இரண்டும் பெரும்பாலும் சரியாகக்கூடியவை.